கரண்டு வண்டியே எடுங்க ஐயா

ஸ்டியரிங் தானாகத் திரும்பியது.

டிரைவர் அடுப்பைத் தொட்டவர் மாதிரி இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார். அடியில் எவனாவது படுத்துக்கொண்டு சக்கரத்தைப் பிடித்து இழுக்கிறானோ என்று காலடியில் குனிந்துகூடப் பார்த்தார். எவனும் இல்லை. அவ்வளவு பெரிய வண்டி பின்பக்கமாக நகர்ந்து, இரண்டு வண்டிகளுக்கு நடுவே இருந்த சந்துக்குள், இந்தப் பக்கம் ஒரு சாண் அந்தப் பக்கம் ஒரு சாண் விட்டு, பூனை போலப் போய் நின்றுகொண்டது. சத்தம் இல்லை, புகை இல்லை, ஆட்டம் இல்லை. ஆடிப்போனது டிரைவர் ஒருத்தர்தான்.

“பார்த்தீங்களாண்ணே? நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம். எல்லாத்தையும் அதுவே பார்த்துக்கும்” என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷோரூம் பெண்.

நீலக் கோட்டு போட்டிருந்தாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். முப்பத்தைந்து வருஷம் ஸ்டியரிங் பிடித்த கையைப் பார்த்து ‘நீ ஒண்ணுமே செய்ய வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு அதற்கு ஒரு சிரிப்பு வேறு. ஷோரூம்களில் இப்படித்தான். வாசலில் கண்ணாடி, உள்ளே கண்ணாடி, தரை கண்ணாடி. இத்தனை கண்ணாடி வைத்திருக்கிறவன் எதையோ மறைக்கிறான் என்று அர்த்தம்.

அவள் அதோடு விடவில்லை. முன்னால் ஆள் வந்தால் வண்டியே பிரேக் போடும் என்றாள். ரோட்டில் போட்ட கோட்டை விட்டு விலகினால் வண்டியே திருத்திக்கொள்ளும் என்றாள். ஓட்டுகிறவர் தூங்கி விழுந்தால் சீட்டை உதறி எழுப்பும் என்றாள். கடைசியில் பின்சீட்டுப் பக்கம் திரும்பி, இந்த வண்டி வாங்கியவர்கள் எல்லாம் இனிமேல் டிரைவர் என்று ஒரு ஆளே தேவையில்லை என்று சொல்கிறார்கள் என்றாள்.

டிரைவர் மேலே தூக்கியிருந்த கையை அவசரமாக ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டார்.

பின்சீட்டில் இருந்தவர் முதலாளி. ஊரில் மூன்று கடை அவருக்கு. குழாய், வாஷ்பேசின், தண்ணீர் கொட்டுகிற சாமான் அத்தனையும் விற்கிறவர். பழைய கார் தாழ்வாக இருந்தது. ஏறி இறங்கினால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது, உயரமான வண்டியாக வாங்குங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொன்னதுதான் சாக்கு, இருப்பதிலேயே பெரியதாக ஒன்றைப் பார்த்துவிட்டார் முதலாளி. ஒரே கம்பெனி, ஒரே உடம்பு, ஒரே விலை. ஒன்று பெட்ரோலில் ஓடும், ஒன்று கரண்டில் ஓடும். எது என்பதுதான் பாக்கி.

பெட்ரோல் வண்டியைக் காலையிலேயே ஓட்டிப் பார்த்தாயிற்று. அது வண்டி மாதிரி இருந்தது. சாவி போட்டால் உறுமியது, மிதித்தால் பாய்ந்தது, ஸ்டியரிங் மனுஷன் திருப்பினால்தான் திரும்பியது. இந்தக் கரண்டு வண்டி வீட்டுக்கு வந்தால் தன் கதி என்ன என்று டிரைவருக்கு ஒரே நிமிஷத்தில் விளங்கிவிட்டது. வண்டி தானே ஓடும். தானே நிற்கும். இவர் வாசலில் நின்று அதற்கு டாட்டா காட்டலாம்.

“எப்படிய்யா இருக்கு?” என்று கேட்டார் முதலாளி.

டிரைவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். “கரண்டு வண்டியே எடுங்க ஐயா. இது மாதிரி வண்டி உலகத்துல இல்லை.”

அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இந்த முதலாளியிடம் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியதில் டிரைவர் ஒரு சூட்சுமம் கண்டுபிடித்து வைத்திருந்தார். முதலாளி வீம்பு பிடித்த மனுஷன். நீ கிழக்கு என்றால் அவர் மேற்கு. அதனால் அவரிடம் ஒன்று வேண்டுமென்றால் அதை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். வேண்டாமென்றால் கொடுங்கள் என்று கையேந்த வேண்டும். வீட்டுக்காரிக்கு ஆபரேஷன் நடந்தபோது, “லீவெல்லாம் எதுக்குங்க ஐயா, நான் வந்துடறேன்” என்றார். முதலாளி பிடிவாதமாகப் பத்து நாள் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். தலையில் டிரைவர் தொப்பி மாட்டிவிடலாம் என்று முதலாளி வீட்டில் பேச்சு அடிபட்டபோது, “சீக்கிரம் வாங்கிக் குடுங்க ஐயா, வெயில் தாங்கல” என்றார். தொப்பிப் பேச்சே அதன்பிறகு இல்லை. பழைய கார் கறுப்பு நிறத்தில் வந்ததே, அது இவர் வெள்ளை வெள்ளை என்று ஒரு வாரம் கத்தியதால் வந்தது. இந்த ரகசியத்தை அவர் வீட்டுக்காரியிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால் அவள் அதைத் தன்மேலேயே பிரயோகம் பண்ணுவாள்.

முதலாளி தாடையைத் தடவினார். கண்ணாடியில் டிரைவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அப்படியா சொல்றே? எனக்கென்னமோ பெட்ரோல்தான் சரின்னு படுது.”

ஷோரூம் பெண்ணுக்கு முகம் தொங்கிவிட்டது. டிரைவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மனசுக்குள் விசிலடித்தார்.

விசில் மறுநாள் காலை வரைதான் தாங்கியது.

முதலாளி வீட்டு போர்டிகோவில் டிரைவர் பழைய காரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு எலக்ட்ரீஷியன் ஏணியோடு வந்து சுவரை அளக்க ஆரம்பித்தான். என்னப்பா என்று கேட்டதற்கு, வண்டி சார்ஜ் பண்ண இங்கே பெட்டி வைக்கப் போகிறோம் என்றான். டிரைவர் கையிலிருந்த துணி வாளிக்குள் விழுந்தது.

முதலாளியின் மனைவி வெளியே வந்தார். அந்த வீட்டில் எல்லாருக்கும் அவர் ‘அம்மா’. மூன்று கடையும் முதலாளி பேச்சைக் கேட்கும், முதலாளி அம்மா பேச்சைக் கேட்பார்.

“எதையுமே நல்லாயிருக்குன்னு சொல்லாத ஆளு நீ. போன வருஷம் புது மிக்ஸி வாங்கினதுக்கே மூக்கைச் சுளிச்சே. நீயே உலகத்துல இல்லாத வண்டின்னு சொன்னியாம். அப்புறம் எனக்கு என்ன யோசனை? கரண்டுதான்.”

சூட்சுமத்தில் இப்படி ஒரு ஓட்டை இருப்பது இருபத்திரண்டு வருஷமாகத் தெரியாமல் போய்விட்டது. அம்மா நேரான மனுஷி. அவரிடம் எதைச் சொன்னாலும் அப்படியே நம்பிவிடுவார். அந்த மாதிரி ஆட்களிடம் என்ன செய்வது என்று டிரைவருக்குப் பழக்கமே இல்லை.

எலக்ட்ரீஷியன் துளை போடும் மெஷினைச் சுவரில் வைத்து அழுத்தினான். அந்தச் சத்தம் டிரைவருக்குத் தன் நெஞ்செலும்பில் கேட்டது.

“அம்மா, ஒரு நிமிஷம்” என்றார்.

அம்மாவிடம் அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். தெரிந்தது கொஞ்சம், ஆகவே தெரியாததையும் சேர்த்துக்கொண்டார். சார்ஜ் தீர்ந்தால் நடுரோட்டில் கல் மாதிரி நின்றுவிடும், நாலு யானை தள்ளினாலும் நகராது என்றார். ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாது, அவ்வளவு ஊமை வண்டி என்றார். அம்மாவின் கண் விரிந்ததும் தெம்பு வந்துவிட்டது. யாரோ ஒருத்தர் வண்டி ஆஃபில் இருக்கிறதென்று நினைத்து இறங்கினாராம், வண்டி அவரை விட்டுவிட்டு நாலு தெரு தனியாகப் போய், ஒரு சலூனுக்குள் புகுந்து நின்றதாம். உள்ளே பாதி சவரத்தில் இருந்தவர் எழுந்து ஓடினாராம். சலூனை எங்கிருந்து பிடித்தார் என்று அவருக்கே தெரியவில்லை. வாயில் வந்தது.

அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். எலக்ட்ரீஷியனைப் போகச் சொல்லிவிட்டார். சுவரில் பாதித் துளை மட்டும் நின்றது.

சாயங்காலம் கடையிலிருந்து திரும்பும்போது முதலாளி பின்சீட்டில் கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டு வந்தார். சிக்னலில் வண்டி நின்றதும், “கரண்டு வண்டி ஆபத்து, வேண்டவே வேண்டாம்னு அம்மாகிட்ட சொன்னியாமே” என்றார்.

டிரைவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. கிளட்சை விட்டுவிட்டார். கார் ஒரு குதி குதித்து அணைந்தது. பின்னால் இருந்த வண்டிகள் ஹாரன் அடித்தன.

சொன்னேன் என்றால், வேண்டாம் என்று சொன்னதாக ஆகும். முதலாளி வீம்புக்குக் கரண்டையே எடுப்பார். சொல்லவில்லை என்றால், அம்மா பொய் சொன்னதாக ஆகும். வேலை இன்றைக்கே போகும். டிரைவர் இரண்டுக்கும் நடுவில் ஒரு சத்தம் கொடுத்தார். அது இருமல் மாதிரி இருந்தது.

“ம்ம்” என்றார் முதலாளி. “அப்ப கரண்டு வண்டியை இன்னும் கொஞ்சம் நல்லாப் பார்க்கணும் போலிருக்கே.”

அங்கேயே ஷோரூம் பெண்ணுக்கு போன் போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கரண்டு வண்டியை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியது, சாயங்காலம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பது என்று பேச்சு முடிந்தது. டிரைவர் காரைத் திரும்ப ஸ்டார்ட் செய்ய மூன்று தடவை சாவியைத் திருகினார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு தீர்மானத்துக்கு வந்துவிட்டார். வாயால் சொன்னால்தானே வம்பு. வண்டியே தன் லட்சணத்தை முதலாளிக்குக் காட்டட்டும்.

ஞாயிறு காலை முதலாளியை மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அம்மா வரவில்லை, வாசலில் நின்றபடியே, சலூன் பக்கம் போகாதீர்கள் என்று மட்டும் சொன்னார். வண்டி தெருமுனை திரும்பியதும் டிரைவர் வேலையை ஆரம்பித்தார். ஏசியைக் கடைசி வரை திருகினார். குளிர்கிறதே என்று முதலாளி சொல்லாமலிருக்க, சீட்டைச் சூடு பண்ணும் பட்டனையும் தட்டினார். வெளிச்சம் எத்தனை இருந்ததோ அத்தனையும் போட்டார். பட்டப்பகலில் வண்டி கல்யாண மண்டபம் மாதிரி ஜொலித்தது. முதுகு பிடித்துவிடும் பட்டன் ஒன்று இருந்தது, அதையும் விடவில்லை. முதலாளி மேலே பனியும் கீழே வெயிலுமாக, முதுகில் யாரோ மாவு பிசைவது போல ஆடிக்கொண்டு, கண்ணை மூடி, “சுகமா இருக்குய்யா” என்றார்.

ஏரிக்கு முக்கால் மணி நேரப் பாதை ஒன்று இருக்கிறது. டிரைவர் மேடும் பள்ளமுமாக இரண்டரை மணி நேரப் பாதையைப் பிடித்தார். மிதித்தார், நிறுத்தினார், மறுபடி மிதித்தார். திரையில் சார்ஜ் இறங்க இறங்க அவருக்கு மனசு ஏறிக்கொண்டே வந்தது. திரும்பி வரும்போது வண்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் பேசியது. சார்ஜ் குறைந்துவிட்டது, பக்கத்தில் இன்ன இடத்தில் ஏற்றிக்கொள்ளலாம், வலது பக்கம் திரும்புங்கள் என்றது. டிரைவர் இடது பக்கம் திரும்பினார். பரவாயில்லை, அடுத்த வலது என்றது. அடுத்த இடதில் திரும்பினார். அந்தக் குரலுக்குக் கோபமே வரவில்லை. கோபமே வராத பொம்பளையை எப்படி நம்புவது?

கடைசியில் அது வலதையும் விட்டது, இடதையும் விட்டது, பேச்சையும் விட்டது. வண்டி மெதுவாகி, ஊர்ந்து, சரியாக ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் போய்ப் படுத்துவிட்டது.

இதைத் திட்டம் போட்டுச் செய்திருந்தால்கூட இப்படி அமையாது. பங்க்காரர் ஓடிவந்து எத்தனை லிட்டர் என்று கேட்டார். கரண்டு வண்டி என்றதும் சிரித்தார். உள்ளே வர முடியாமலும் வெளியே போக முடியாமலும் வண்டிகள் இரண்டு பக்கமும் சேர்ந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து தள்ளிப் பார்த்தார்கள். நகரவில்லை. யானை என்று சும்மா சொன்னது நிஜம்தான் போலிருக்கிறதே என்று டிரைவருக்கே அதிர்ச்சியாக இருந்தது.

ஷோரூமுக்குச் சொல்லி இழுவை வண்டி வரும்வரை முதலாளியும் டிரைவரும் காற்று அடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டைச் சுவரில் உட்கார்ந்தார்கள். இனிமேல் எந்தப் பைத்தியக்காரன் இதை வாங்குவான்? இருந்தாலும் முதலாளியின் வீம்பு எந்த நேரம் எப்படித் திரும்பும் என்று சொல்ல முடியாது. எதற்கும் ஒரு ஆணி அடித்து வைப்போம் என்று டிரைவர் வாயைத் திறந்தார்.

“என்ன இருந்தாலும் நல்ல வண்டிங்க ஐயா. ஒரு நாள் நின்னதுக்காக விட்டுடாதீங்க.”

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார். “இல்லைய்யா. பெட்ரோலே எடுத்துடுவோம். அம்மாவுக்கும் அதுதான் வசதி.”

ஆணி இறங்கிவிட்டது. டிரைவர் சந்தோஷத்தை மறைக்கத் தரையைப் பார்த்துக்கொண்டே, பேச்சுக்குப் பேச்சாக, “அம்மாவுக்கு என்னங்க ஐயா வசதி?” என்று கேட்டார்.

“அவதானே ஓட்டப் போறா.”

பக்கத்தில் யாரோ டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மெஷின் டிங் என்று மணி அடித்தது.

முதலாளி நிதானமாகச் சொன்னார். மூன்று மாதமாகத் தினம் காலையில், இவர்கள் இரண்டு பேரும் கடைக்குப் போனபிறகு, அம்மா டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்வருகிறாராம். லைசென்ஸ் வந்துவிட்டதாம். பெட்ரோல் வண்டி என்றால் சத்தத்தை வைத்தே உயிரோடு இருப்பது தெரிகிறது, நானே ஓட்டிக்கொள்கிறேன் என்கிறாராம். கரண்டு வண்டி என்றால் பக்கத்திலேயே போக மாட்டாராம். யாரோ சலூன், கிலூன் என்று நன்றாகப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள்.

“கரண்டு வண்டின்னா, பாவம், நீதான் இன்னும் அஞ்சாறு வருஷம் அந்தச் சீட்டுல கஷ்டப்படணும். பெட்ரோல்னா அம்மா ஓட்டிக்குவா. நீ வீட்ல காலை நீட்டி உக்காரு. சம்பளம் மாசா மாசம் வீட்டுக்கு வந்துடும். உனக்கும் வயசாகுதில்லே?”

வாசலில் படுத்திருந்த வண்டிக்கும் சுவரில் உட்கார்ந்திருந்த டிரைவருக்கும் அந்த நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. எந்த வண்டி வேலையைக் காப்பாற்றுமோ அந்த வண்டியை நாள் பூராவும் பட்டன் பட்டனாகத் தட்டிக் கொன்றிருக்கிறார். அம்மாவைப் பயமுறுத்தாமல் விட்டிருந்தாலாவது கரண்டு வண்டி வீட்டுக்கு வந்திருக்கும். ஆனால் அதையும் அம்மாவே ஓட்டியிருப்பார். யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. இப்போது ஒரே வழி, கரண்டு வண்டி வர வேண்டும், அம்மா பயந்தபடியே இருக்க வேண்டும்.

இழுவை வண்டியோடு நீலக் கோட்டுப் பெண்ணும் வந்தாள். டிரைவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த வண்டிக்கு டிரைவரே வேண்டாம் என்றாயே, அது நிஜமா என்று கேட்டார்.

“அது சும்மா விக்கிறதுக்காகச் சொல்றதுண்ணே. கை ஸ்டியரிங்லதான் இருக்கணும். ஆள் இல்லாம எந்த வண்டி ரோட்டுல போகும்?”

அவளை அடிக்கக் கை வரவில்லை.

வீட்டுக்குப் போய் வீட்டுக்காரியிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் ஆஸ்பத்திரி நர்சுகளுக்குக் கோட்டு தைத்துக் கொடுக்கிறவள். ஒரே ஒரு கூடம். அதில் தையல் மெஷின், வெட்டுகிற மேஜை, ஆளுயரத்துக்கு வெள்ளைத் துணி. நடுவில் அவள் உட்கார ஒரு ஸ்டூல். அவள் மெஷினை நிறுத்திவிட்டு, கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். அவள் முகத்திலும் அதிர்ச்சிதான்.

“பகல்லயா?” என்றாள். “பகல் முழுக்கவா?”

“ஆமா.”

“எங்க உக்காருவே?”

அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே இடம் தேடினாள். மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பிறகு ஒரு டப்பா நிறையப் பட்டனை எடுத்து அவர் மடியில் வைத்து, ஊசியில் நூல் கோக்கத் தெரியுமா என்று கேட்டாள். காரில் உட்கார்ந்தால் ஊரே இவருக்கு வழிவிடும். இங்கே நூல்கூட இவருக்கு வழிவிடவில்லை. பதினெட்டுத் தடவை குத்தியும் ஊசிக்குள் போகவில்லை. பத்தொன்பதாவது குத்து விரலுக்குள் போயிற்று.

மறுநாளிலிருந்து டிரைவர் சூட்சுமத்தை முழு வேகத்தில் இறக்கினார். காலையில் கதவைத் திறக்கும்போதே பெட்ரோல் வண்டி புராணம். பெட்ரோல்தான் வண்டிக்கு அழகு, கரண்டு வண்டி பொம்மை, விற்கிறவன் கேடி, வாங்குகிறவன் ஏமாளி. என்னை வீட்டில் உட்கார விடுங்கள் ஐயா, உடம்பெல்லாம் வலி, எப்போது விடுவீர்கள் என்று ஏங்குகிறேன் என்று முதுகைப் பிடித்துக்கொண்டு முனகல். நடுவில் அம்மாவைப் பார்த்தால், சலூனுக்குள் புகுந்த வண்டி இப்போது இன்னொரு கடைக்குள்ளும் புகுந்துவிட்டதாம் என்று ஒரு கைப்பிடி பயம் தூவிவிட்டு வந்தார்.

வேலை செய்தது. செவ்வாய்க்கிழமை முதலாளி, “நீ இவ்வளவு திட்டறதைப் பார்த்தா கரண்டு வண்டியில ஏதோ இருக்குன்னுதான் தோணுது” என்றார். புதன்கிழமை, ஓட்டுகிறதில் உனக்கு அவ்வளவு கஷ்டமா என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டுச் சிரித்துக்கொண்டார். வியாழக்கிழமை எலக்ட்ரீஷியன் ஏணியோடு திரும்பி வந்து பாதித் துளையை முழுத் துளையாக்கினான். அந்தச் சத்தம் டிரைவருக்கு நாதஸ்வரம் மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட ஷோரூமுக்குக் கிளம்பினார்கள். வழியில் முதலாளி சொன்னார்: கரண்டு வண்டிதான், முடிவு பண்ணியாயிற்று, அம்மாவிடமும் சொல்லியாயிற்று. டிரைவர் முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்ள என்ன பாடு பட்டார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

அந்த உர்ரோடு அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் கதை அங்கேயே சுபமாக முடிந்திருக்கும்.

ஷோரூம் வாசலில் இறங்கிய முதலாளி உள்ளே போகவில்லை. காரைச் சுற்றிக்கொண்டு டிரைவர் பக்கம் வந்தார். கதவில் கையை ஊன்றி நின்றார். இடுப்பு வலிக்கிற மனுஷன், குனிந்து ஜன்னலுக்குள் பார்த்தார்.

“இருபத்திரண்டு வருஷம் என்னைச் சுமந்துட்டே. ஒரு கீறல் விழாமக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கே. நான் ஒரு தடவைகூட உன்னை உக்காரவெச்சு உனக்கு என்ன வேணும்னு கேட்டதில்லை. உள்ள போனா கையெழுத்துதான். அதுக்கு முன்னால மனசுல இருக்கறதைச் சொல்லு.”

இந்த மாதிரி ஒரு கேள்வியை டிரைவரிடம் யாரும் கேட்டதில்லை. வீம்பு பிடித்தவர், முரட்டு ஆசாமி என்று நினைத்து, இந்த மனுஷனை இத்தனை வருஷம் நூல் கட்டிய பொம்மை மாதிரி ஆட்டிவைத்திருக்கிறோமே என்று முதல்முறையாக வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் அப்படி ஒரு பொய்யைச் சொல்ல நாக்கு எழவில்லை. கீழே இறங்கி நின்றார்.

“கரண்டு வண்டியே எடுங்க ஐயா” என்றார். குரல் உடைந்தது. “எனக்கு வீட்ல உக்கார வேண்டாம். ஓய்வு வேண்டாம். ஓட்டறது ஒண்ணுதான் எனக்குத் தெரியும், அதுதான் எனக்குப் பிடிக்கும். அஞ்சு வருஷமில்லை, கையும் காலும் ஓடற வரைக்கும் நானே ஓட்டறேன். இது சத்தியம் ஐயா.”

முதலாளியின் கண் ஓரம் ஈரமாகிவிட்டது. டிரைவரின் தோளில் கையை வைத்து இரண்டு தடவை தட்டினார்.

“புரிஞ்சுதுய்யா” என்றார். “இனிமே நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்.”

உள்ளே போனார். டிரைவர் பழைய காரின் முன்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். துடைக்க ஒன்றும் இல்லை, இருந்தாலும் துடைத்தார். மனசில் இருபத்திரண்டு வருஷப் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. உண்மை பேசுவது இவ்வளவு லேசான காரியமா, இது தெரியாமல் இத்தனை நாள் வாயை இப்படிக் கோணலாக வைத்துக்கொண்டு திரிந்தோமே என்று நினைத்தார். பக்கக் கண்ணாடியில் பார்த்தபோது தானே சிரித்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

முக்கால் மணி கழித்து நீலக் கோட்டுப் பெண் பைலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். முதலாளி உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“முடிஞ்சுதுண்ணே. பெட்ரோல் வண்டி. அடுத்த வாரம் டெலிவரி. அம்மாவே வந்து ஓட்டிக்கிட்டுப் போறாங்களாம்.”

டிரைவர் கையில் துணி அப்படியே நின்றது. காது சரியாகத்தான் கேட்டது. மூளைதான் வாங்கிக்கொள்ள மறுத்தது.

“கரண்டுன்னுதானேம்மா சொல்லிட்டு உள்ள வந்தாரு?” என்றார்.

“ஆமாண்ணே, பேப்பரெல்லாம் கரண்டு வண்டிக்குத்தான் போட்டு வெச்சிருந்தேன். பேனாவைத் திறந்தவரு மூடிட்டாரு. எல்லாத்தையும் கிழிச்சுட்டு பெட்ரோல் வண்டிக்குப் போடச் சொன்னாரு.”

“ஏன்?”

அவள் ஒரு தடவை உள்ளே திரும்பிப் பார்த்துக்கொண்டாள். இப்படி ஒரு முதலாளி கிடைக்க நீங்கள் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று பெருமூச்சு விட்டாள்.

“‘என் டிரைவர் வேணுங்கறதை வேண்டாம்பான், வேண்டாங்கறதை வேணும்பான், இருபத்திரண்டு வருஷமா அவன் பேச்சைத் திருப்பிப் போட்டுப் புரிஞ்சுக்கிட்டுத்தான் அவன் ஆசைப்பட்டதையெல்லாம் செஞ்சுக்கிட்டு வர்றேன், இன்னிக்கு ஓய்வு வேணும்னு அவ்வளவு உருக்கமாக் கேட்டுட்டான்’னு சொல்லிக் கண்ணைத் தொடைச்சுக்கிட்டாருண்ணே.”